பேரு எழுதினா ஆளு வரணும்

கை கழுவுகிற தொட்டிக்கு மேலே ‘ஹைஜீன்’ என்று ஒரு போர்டு மாட்டியிருந்தார்கள். அந்த மலை ஆஸ்பத்திரியில் நான் நர்சாகச் சேர்ந்த முதல் நாள், ஓ.பி. சீட்டு எழுதுகிற மனுசன் வேலையை அப்படியே போட்டுவிட்டு அந்தப் போர்டுக்கு முன்னால் நின்று முறைத்துக்கொண்டிருந்தார். வெளியே வரிசை கேட் வரைக்கும் நின்றது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"இன்னா பாக்குறீங்க? ஜனங்க நிக்கறது தெரியலையா?" என்றேன்.

"இது ஒரு பொண்ணு பேரு சிஸ்டர்," என்றார். "கிரேக்க நாட்டுல வைத்தியத்துக்குன்னு ஒரு சாமி. அந்தச் சாமியோட மவ. ஜனங்களுக்கு நோய் வராம பாத்துக்கறது அவ வேலை. அவ பேர இங்க மாட்டி வெச்சிருக்காங்க. கொழாயத் தொறந்து பாருங்க."

திறந்தேன். காற்றுதான் வந்தது.

"பேரு எழுதினா ஆளு வரணும் இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவரே இரண்டு குடம் தண்ணீர் சுமந்துவந்து தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. அடுத்த நாளும் வைத்தார். குழாயில் தண்ணீர் வருகிற வரைக்கும் ஐந்து மாதம் வைத்தார்.

இந்த மாதிரி ஆளோடு வேலை செய்து பார்த்தால்தான் தெரியும். சாதாரணமாக வாயைத் திறக்க முடியாது. ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னால் போதும், பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அதற்குள் எந்தச் சாமி உட்கார்ந்திருக்கிறது, எந்த ராட்சசன் படுத்திருக்கிறான் என்று ஆரம்பித்துவிடுவார். கழுத்தெலும்பில் முதல் எலும்புக்கு அட்லஸ் என்று நான் நர்சிங்கில் மனப்பாடம் செய்ததோடு சரி. வானத்தையே தோளில் சுமக்கிற தண்டனை வாங்கினவன் பேர் அது என்று இவர் சொன்ன நாளிலிருந்து தலைவலி என்று யார் வந்தாலும் எனக்கு அவன் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

மலைக்காரர்தான். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். சாமைக் காட்டில் களையெடுத்துக்கொண்டே படித்து, கீழே ஒரு காலேஜில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்தவர். அந்தப் படிப்புக்குக் கிடைத்தது ஓ.பி. சீட்டு எழுதுகிற ஒப்பந்த வேலை. செங்கத்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு தடி டிக்சனரி வைத்திருந்தார். அதில் ‘யு’ வரைக்கும்தான் இருந்தது. மிச்சத்தை எலி தின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை டிக்சனரி என்றுதான் கூப்பிட்டோம். நானும்தான். கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார். அதுவும் எனக்கு எரிச்சல்.

ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருநாள் வண்டியில் யாரும் இல்லாமலே சைரன் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்வந்தார். இவர் வண்டிக்குக் குறுக்கே போய் நின்றார்.

"சைரன்னா யாரு தெரியுமா? கடல் நடுவுல பாறை மேல ஒக்காந்து பாடற பொண்ணுங்க. அந்தப் பாட்டக் கேட்டு வர்ற கப்பலெல்லாம் மோதிச் செதறிடும். சாவு கிட்ட இருக்கறப்ப மட்டும்தான் அந்தச் சத்தம் வரணும். டீக்கு இல்ல."

"யோவ், வழிய வுடுய்யா. உன்னோட பேஜாரா போச்சு," என்றார் டிரைவர். ஆனால் அதற்கப்புறம் டீக்குச் சைரன் போடவில்லை.

மலைப்பாதை கீழே இறங்குகிற இடத்தில் ஒரு டயர் கடை. ‘வல்கனைசிங்’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். ‘யு’வுக்கு மேலே அவர் டிக்சனரியில் கிடையாதே, அது அவரைப் பாடாய்ப் படுத்தியது. சனிக்கிழமை நான் செங்கத்துக்கு வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் கேட்பார்.

"அதுக்குள்ள யாரோ இருக்கான் சிஸ்டர். கண்டிப்பா இருக்கான். கீழ போனா டவர் கெடைக்கும் இல்ல, போன்ல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

"எனக்கு வேற வேலையே இல்லியா?" என்பேன். பார்த்ததே இல்லை. என் மகள் மாமியாரிடம் வளர்ந்துகொண்டிருந்தாள். வாரத்தில் ஒன்றரை நாள் அவளைப் பார்க்கப் போகிறவள் நான். இவருடைய டயர் கடைச் சாமிக்கு எங்கே போவது?

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சீட்டு எழுதுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. எதிரே வந்து உட்காருகிறவர்களிடம் ‘காய்ச்சலா, இருமலா’ என்று கேட்கவே மாட்டார். பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அவர்களாக வாயைத் திறக்க வேண்டும். ஒரு கிழவர் பத்து நிமிசம் சாமை விளைச்சலைப் பற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் மூத்திரத்தில் ரத்தம் போகிறது என்றார். அதுவரைக்கும் இவர் ‘ம்’ கூடக் கொட்டவில்லை.

நான் கத்தினேன். "இன்னா வியாதின்னு கேட்டு எழுதறதுக்கு இன்னா கேடு?"

"கேட்டா சொல்லிடுவாங்க சிஸ்டர். அதான் பயம்."

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். பேன்ட் போட்டவர்கள் கேட்டால் மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று மலையில் ஒரு பழக்கம். கேட்கிறவர் எந்த வார்த்தையில் முடிக்கிறாரோ அதிலேயே ஒரு ‘ங்க’ சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காய்ச்சலா என்றால் காய்ச்சல்தாங்க. வயிற்றுவலியா என்றால் வயிற்றுவலிதாங்க.

"எங்கப்பன ஒரு ஃபாரஸ்ட் கார்டு வந்து கேட்டான், சந்தன மரத்த வெட்டினது நீதானேன்னு. நாந்தாங்கன்னாரு. மரம் வெட்டுப்பட்ட அன்னிக்கு அவரு ஊர்லயே இல்ல. கேரளாவுல மொளகு பறிச்சிக்கினு இருந்தாரு. ரெண்டு வருசம் ஜெயிலு."

சொல்லும்போது குரலில் ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. சொல்லி முடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் அதற்கப்புறம் சீட்டு விசயத்தில் அவரிடம் கத்தவில்லை. மனசுக்குள் மட்டும் கத்திக்கொண்டேன்.

டாக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். கெட்டவர் இல்லை. இரண்டு பேர் பார்க்க வேண்டிய கூட்டத்தை ஒருத்தராகப் பார்த்தார். அவசரத்தில் கேள்வியையும் அவரே கேட்டு, பதிலையும் அவரே அதற்குள் வைத்துவிடுவார். மலைக்காரர்களுக்கு அது போதும்.

அன்றைக்கு மழை விட்டு வெயில் வந்திருந்தது. ஆடு மேய்க்கிற ஒரு அம்மா வந்து உட்கார்ந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முகமெல்லாம் வேர்வை. நான் டாக்டருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதா?"

"அடிச்சிக்குதுங்க."

"பயமா இருக்குதா?"

"பயமா இருக்குதுங்க."

"வூட்ல எதனா சண்டையா? வூட்டுக்காரரு திட்டினாரா?"

"திட்டினாருங்க."

டாக்டர் சீட்டில் ‘பேனிக்’, அதாவது வெறும் பீதி, என்று எழுதினார். தூங்குவதற்கு இரண்டு மாத்திரை எழுதினார். ஈ.சி.ஜி. மெஷினுக்குப் பேப்பர் ரோல் தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த அம்மா கழுத்தைத் துடைத்துவிட்டது நான்தான். வேர்வை சில்லென்று இருந்தது. சில்லென்ற வேர்வை என்றால் என்ன என்று எனக்குப் பாடத்தில் படித்துத் தெரியும். ஆனால் டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

சீட்டு, ரிஜிஸ்டரில் ஏற்றுவதற்காக டிக்சனரியிடம் போனது. இவர் படித்தார். எழுந்தார். ஷேர் ஜீப்புக்காகப் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒன்றுமே கேட்கவில்லை. சன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் எதிர்க் குன்றைப் பார்த்தபடி இருந்தார்கள். அப்புறம் அந்த அம்மா கையைத் தூக்கி நெஞ்சில் வைத்து, அங்கிருந்து தாடைக்கு இழுத்துக் காட்டினாள்.

உடனே ஓடிவந்தார். நேராக டாக்டர் ரூம். கையில் அந்தச் சீட்டு.

"சார், இத நான் ஏத்த மாட்டேன்."

"இன்னாய்யா?"

"பேனிக்னு எழுதியிருக்கீங்க. பேன்னு ஒரு சாமி சார். ஆட்டுக்காலு, தலையில கொம்பு. காட்டுல தனியா ஆடு மேய்க்கறவங்கள திடீர்னு பயமுறுத்தறது அவன் வேலை. இந்த அத்த நாப்பது வருசமா இந்தக் காட்டுல ஆடு மேய்க்குது. கரடிய கல்லால அடிச்சித் தொரத்தின ஆளு. அந்தச் சாமி வந்தா அவனையும் தொரத்திடும். காலையில தண்ணிக் கொடம் தூக்கறப்ப நெஞ்சு மேல ஒரல ஏத்தி வெச்ச மாதிரி ஆயிடுச்சாம். தாடை வரிக்கும் இழுக்குதாம். இது வேற சார்."

"புருசன் திட்டினான்னு அவதான் சொன்னா."

"புருசன் செத்து ஆறு வருசம் ஆவுது சார்."

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. கதவு திறந்திருந்தது. வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "யோவ், நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதான் சார் டாக்டரு. நெஞ்சுக்கு எக்கோ எடுக்கக் கீழ அனுப்புங்க."

"ஓகோ. எக்கோன்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். சொந்தமா பேச முடியாத ஒரு பொண்ணு. பெரிய எடத்து அம்மா ஒருத்தி சாபம் குடுத்துட்டா. யாரு இன்னா சொன்னாலும் அந்தக் கடைசி வார்த்தைய மட்டும்தான் அவ திருப்பிச் சொல்ல முடியும். தனக்கு இன்னா வேணும்னு கடைசி வரிக்கும் அவளால சொல்லவே முடியல. அப்படியே தேய்ஞ்சி செத்துட்டா." வெளியே கையைக் காட்டினார். "அதோ ஒக்காந்திருக்குது பாருங்க. நம்பலன்னா எதனா கேளுங்க. ரயில்ல வந்தியான்னு கேளுங்க."

டாக்டர் விருட்டென்று எழுந்து வெளியே போனார். மலையில் ஏது ரயில்? தண்டவாளத்தைப் பார்க்கவே திருவண்ணாமலை போக வேண்டும். போன வேகத்தில் கேட்டேவிட்டார்.

"ஏம்மா, ரயில்லயா வந்தே?"

அந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டே எழுந்து நின்றாள். "ரயில்லதாங்க," என்றாள்.

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஒருத்தர் சிரித்தால் நிற்குமா? எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. இவரும் சிரிக்கவில்லை. டாக்டர் அந்த அம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் ஆளே மாறிவிட்டார். அவசர மாத்திரைகளைக் கொடுத்து, ஆம்புலன்சைக் கூப்பிட்டு, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் புதுச் சீட்டு எழுதினார். பழைய சீட்டைக் கிழித்து டேபிளுக்குக் கீழே இருந்த கூடையில் போட்டார். நான் பார்த்தேன். டாக்டர்தான் கிழித்தார். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

ஆம்புலன்ஸ் சைரனோடு இறங்கியது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டாள். மாரடைப்புதான். இன்னும் ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் ஜீப்பில் பிணம்தான் ஏறியிருக்கும் என்று கீழே சொன்னார்களாம்.

பத்து நாள் கழித்து விசாரணை வந்தது. ஒப்பந்த ஊழியர் டாக்டரை அவமரியாதையாகப் பேசினார், வைத்தியத்தில் தலையிட்டார், அரசாங்கச் சீட்டைக் கிழித்துப் போட்டார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த புகார். முதல் இரண்டையும் எப்படியாவது பேசிச் சமாளிக்கலாம். சீட்டைக் கிழித்தால் வேலை போய்விடும். அது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

என் டிரான்ஸ்ஃபர் மனு டாக்டர் மேசையில் அவர் கையெழுத்துக்காக இருந்தது. செங்கத்துக்கு. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது?

கீழே இருந்து வந்த அதிகாரி நல்ல வெள்ளைச் சட்டை. வெயில் ஏறுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று அவசரம். இவரை ஓரமாக நிற்க வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"நீங்கதானேம்மா ரூம்ல இருந்தது?"

"இருந்தேன் சார்."

"டாக்டர் மூஞ்சிக்கு நேரா சீட்டக் கிழிச்சாரு. அப்படித்தானே?"

"அப்படித்தாங்க சார்."

வந்துவிட்டது வார்த்தை. அவர் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது. அதிகாரி இவர் பக்கம் திரும்பி, "நீ இன்னா சொல்றே?" என்றார்.

"நான் கிழிக்கல சார். சிஸ்டருக்கே தெரியும்."

தலையைக்கூடக் குனியவில்லை. அந்தக் கட்டடத்தில் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குச் சொந்தமாக ஒரு பதில் சொன்னது அந்த ஒரு மனுசன்தான். அதிகாரி மறுபடியும் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா?" எனக்கு இன்னொரு தடவை வாய்ப்பு கிடைத்தது. நான் தரையைப் பார்த்தேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

மலைக்காரியாவது பயத்தில் திருப்பிச் சொன்னாள். படிப்பு இல்லை, போக்கிடம் இல்லை. எனக்கு என்ன கேடு? நிரந்தர வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், பேசுவதற்கு வாய். த்தூ. இன்றைக்கும் நினைத்தால் என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. வேலை போய் அவர் கிளம்பும்போது டிக்சனரியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த குடங்கள் இரண்டும் அவருடையவை. அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. ஆறாவது வாரம் எனக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது.

செங்கத்தில் மூன்று வருசம் ஓடியது. மகள் பக்கத்தில் இருந்தாள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போனை எடுத்தால் டவர் முழுசாக இருக்கும். ஒருநாள் அந்த டயர் கடை வார்த்தையைத் தேடினேன். இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை. இதற்கா அத்தனை சனிக்கிழமை கெஞ்ச விட்டேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமையே மலைக்குப் பஸ் ஏறினேன். பஸ் போகிற வரைக்கும் போய், மிச்சத்துக்கு ஜீப், அப்புறம் நடை. ஊர் முனையில் ஆடுகளோடு ஒரு அம்மா நின்றாள். அதே அம்மா. இளைத்திருந்தாள், ஆனால் நிமிர்ந்து நின்றாள். எதிரே இருந்த வீட்டைக் காட்டி, "ஆஸ்பத்திரியில சீட்டு எழுதினவரு வூடு இதானே?" என்று கேட்டேன்.

"இது இல்ல," என்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ அந்த ஆஸ்பத்திரிக்காரி இல்ல? அவன் சோத்துல மண்ணப் போட்டுட்டு இப்ப இன்னாத்துக்கு வந்தே? அந்தப் புளியமரத்துக்கு அந்தாண்ட இருக்குது. போ."

நன்றாகத்தான் இருந்தது எனக்கு அந்தத் திட்டு. அவள் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். குச்சியால் ஒரு தட்டு, ஓடு தனியே, கொட்டை தனியே. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"உக்காருங்க, இன்னா இது. நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேங்க."

"என்னத் தெரியுதா?"

"தெரியுதுங்க."

சிஸ்டர் என்று சொல்லவில்லை. மறுபடியும் உட்கார்ந்து குச்சியை எடுத்தார். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"என்மேல கோவமா?"

"கோவந்தாங்க."

சரி, இதைக் கேட்கத்தானே வந்தேன். "மூணு வருசம் ஆச்சே, போயிடுச்சா?" என்றேன்.

"போயிடுச்சுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆஸ்பத்திரியில் நாங்கள் எத்தனை பேர் சொல்லியும் ஒருநாளும் அப்படி ‘ங்க’ சேர்த்துத் திருப்பிச் சொல்லாத வாய் அது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"சீட்ட நீங்க கிழிக்கல. நான் பொய் சொன்னேன்."

"சொன்னீங்க."

"வாய் வுட்டு எதனா திட்டுங்களேன்! அந்த அம்மா திட்டலையா? நீங்களும் திட்டுங்க!"

"திட்டறேங்க," என்றார். திட்டவில்லை. புளியை எடுத்தார், தட்டினார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டாவது போகலாம் என்று தோன்றியது.

"வல்கனைசிங்னு கேட்டீங்களே, தேடிப் பாத்தேன். நீங்க சொன்னது சரிதான், உள்ள ஒருத்தன் இருக்கான். வல்கன்னு ரோமாபுரிச் சாமி. நெருப்புக்குச் சாமி." குச்சி அந்தரத்தில் நின்றது. எனக்கு உயிர் வந்தது. வேகவேகமாகச் சொன்னேன். "பெத்தவளே அவன மலை மேலருந்து தூக்கிக் கீழ போட்டுட்டாளாம். கால் நொண்டியாயிடுச்சாம். ஆனா அவன் பட்டறை வெச்சி, தன்னத் தள்ளின சாமிங்களுக்கே வேணுங்கறத எல்லாம் செஞ்சி குடுத்தானாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ‘எங்க எழுதியிருக்குது, காட்டுங்க’ என்று கேட்பார் என்று போனைக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.

"குடுத்தானுங்க," என்றார். குச்சி மறுபடியும் இறங்கியது.

அதற்கு மேல் என்ன பேச? எழுந்து செருப்பை மாட்டினேன். "அப்ப நான் கெளம்பட்டுமா?"

"கெளம்புங்க."

புளியமரம் வரைக்கும் போனவள் நின்று திரும்பினேன். "இனிமே இந்தப் பக்கம் வராம இருந்துடட்டுமா?"

"இருந்துடுங்க."

அந்த ஒன்றையாவது மனசாரச் சொன்னாரா, அதுவும் என் வார்த்தைதானா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும்.